இடப்பக்கமாக

இரண்டு பத்துக்குத் தொலைபேசி.
மனிதக் குரல் இல்லை, கொட்டிலே கூப்பிடுகிறது:
மூன்றாம் கூடம். காற்று இல்லை.
மூன்றாம் கூடம். காற்று இல்லை.
ஒன்றை அழுத்தினால்
கேட்டுக்கொண்டேன் என்று பொருள்.
அழுத்தினேன்.

மானிடோபாவில் ஜனவரி. மைனஸ் முப்பத்தொன்று.
பாதை எது வயல் எது என்று
பனிக்கே தெரியாத இரவு.
பதினேழு கிலோமீட்டரும் வேண்டிக்கொண்டே ஓட்டினேன்,
சாகக் கூடாது, சாகக் கூடாது.
பாதி வழியில்தான் நினைவு வந்தது
வியாழக்கிழமை லாரி.
முப்பது உருப்படி, ஈற்று குறைந்தவை.
பட்டியல் போட்டதே நான்தான்.
வியாழன்வரை சாகக் கூடாது என்று
வேண்டுதலைத் திருத்திக்கொண்டேனா,
தெரியவில்லை.
சாலை வழுக்கிக்கொண்டிருந்தது.

ரொடேலியோ எனக்கு முன்பே வந்துவிட்டான்.
ஜெனரேட்டரின் குழாயில் டீசல் மெழுகாய் இறுகியிருந்தது.
ஃபிளாஸ்க் காப்பி முழுவதையும் அதன்மேல் ஊற்றிப் பார்த்திருக்கிறான்.
காப்பியும் உறைந்துபோயிருந்தது.

உள்ளே அறுநூறு சினைப் பன்றிகள்,
அறுநூறு கம்பிக்கூண்டுகள்.
நிற்கலாம். படுக்கலாம்.
முன்னால் ஓர் எட்டு, பின்னால் அரை எட்டு.
திரும்ப மட்டும் இடமில்லை.
மூன்று மாதம் மூன்று வாரம் மூன்று நாள்
ஒரே சுவர்.
அளவெல்லாம் சட்டப்படி சரி,
டேப் பிடித்தவள் சொல்கிறேன்.

எட்டு வருடம் அங்கே வேலை பார்க்கிறேன்.
விசிறிகள் ஓடாமல்
அந்தக் கூடத்தை நான் கேட்டதே இல்லை.
அலறல் என்று எதிர்பார்த்துப் போனேன்.
இல்லை.
மூச்சு.
அறுநூறு மூச்சு, இருட்டில்,
ஈரத் துணியைக் கிழிப்பதுபோல.

கதவுகளை அகலத் திறந்தோம்.
குளிர் புகையாகத் தரையோடு ஊர்ந்து வந்து
ஐந்தாம் வரிசையோடு நின்றுவிட்டது.
கடைசி மூலைக்குப் போகவில்லை.
ரொடேலியோ என்னைக் கேட்கவில்லை.
கொண்டிகளை உருவத் தொடங்கினான்.
நானும் உருவினேன். இரும்பு விரலில் ஒட்டி
தோலை எடுத்துக்கொண்டது.

திறந்தோம். ஒன்றும் வரவில்லை.
கதவு இருந்த இடத்தில் கதவு இல்லை என்பதை
அவை நம்பவில்லை.
தட்டினோம், தள்ளினோம், கெஞ்சினோம்.
"போ அம்மா" என்று அவன் தன் மொழியில் சொன்னானாம்,
பிறகு சொன்னான்.
இலோயிலோவில் அவன் வீட்டிலும் ஒரு பன்றி இருந்ததாம்,
பெயர் வைத்து வளர்த்தார்களாம்.
சாப்பிட்டீர்களா என்றேன்.
பின்னே, என்றான்.

4417 பின்வாங்கி வெளியே வந்தாள்.
அது என்றுதான் எழுத வேண்டும், படிவத்தில் அப்படித்தான்.
நடைபாதையில் நின்றாள், கால் நடுங்க.
பிறகு தலையைச் சாய்த்தாள், தோளைக் கொண்டுவந்தாள்,
கனத்த வயிறு மெல்லப் பின்தொடர
ஒரு முழுச் சுற்று.
போக வேண்டிய திசையும் அது இல்லை.
நின்றாள்.
மறுபடி ஒரு சுற்று.
என் கைவிளக்கு அவளோடு சேர்ந்து சுற்றியது.

ஐந்து மணிக்கு மின்சாரம் வந்தது.
விசிறிகள் எல்லாவற்றையும் மூடி மறைத்தன.
ஏழுக்குள் வெளியே வந்த எல்லாவற்றையும்
பலகை பிடித்து உள்ளே தள்ளிவிட்டோம்.
4417-ஐத் தள்ளியது நான்.
எதிர்க்கவில்லை. அதைச் சொல்லியாக வேண்டும்,
எதிர்க்கவே இல்லை,
தன் கூண்டு எதுவென்று அவளுக்கே தெரிந்திருந்தது.
கொண்டியைப் போட்டேன்.
சத்தம் கேட்கவில்லை, விசிறி.

ஹார்ம்ஸ் எட்டு மணிக்கு வந்து
எங்கள் இருவர் தோளிலும் தட்டினார்.
காப்பீட்டுப் படிவத்தை நான் நிரப்பினேன்.
இழப்பு: இல்லை.
காரணம்: எரிபொருள் உறைவு.
வேறு குறிப்புகள் என்று கீழே நான்கு வரி இடம்.
விரலில் கட்டு, பேனா சரியாக நிற்கவில்லை.
எழுதினேன்:
இரண்டு முறையும்
இடப்பக்கமாகத் திரும்பினாள்.

வியாழக்கிழமை லாரி வந்தது.
படிவத்தை இன்னும் அனுப்பவில்லை.